ஓசை எழும் பாறைக்குக் கிளம்பும் முன்: டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன ஆனி மாதம் நானும் என் கணவரும் டர்பனிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய், பார்க்கப் போன பாறையைப் பார்க்காமலே திரும்பினோம். வாடகைக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பவே காலை ஒன்பதரை ஆகிவிட்டது. வழியில் ஒரு டயர் வெடித்தது. தங்குமிடத்தை அடைந்தபோது கும்மிருட்டு. மறுநாள் இரவு அவருக்கு வேலை இருந்ததால் விடியும் முன்பே கிளம்ப வேண்டியதாயிற்று. இரவு முழுவதும் பாறையின் சத்தம் மட்டும் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. கல்யாண வீட்டுக்குப் போய் மேளச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்த கதை.

ஆவணியில் மறுபடி போனோம். இம்முறை பார்த்தோம். இரண்டு பயணங்களுக்கும் நடுவில் தெரிந்துகொண்டவற்றைக் கீழே எழுதுகிறேன். என் டயர்க் காசு உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

போகும் இடம் இதுதான்: தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்து வைல்ட் கோஸ்ட் கடற்கரையில் ம்பாகோ என்ற சிற்றாறு கடலில் கலக்கிறது. அதன் வாயிலுக்கு நேர் எதிரே, கரையிலிருந்து தனித்து, மேலே புல் முளைத்த பெரிய பாறைச்சுவர் ஒன்று நிற்கிறது. சுவரின் நடுவில் ஓட்டை. அலை அந்த ஓட்டை வழியாக உள்ளே பாய்ந்து வரும். ஆங்கிலத்தில் ஹோல் இன் தி வால். கோசா மொழியில் எசிகாலேனி, ஓசை எழும் இடம். ஆங்கிலப் பெயர் கண்ணால் பார்த்து வைத்தது, கோசாப் பெயர் காதால் கேட்டு வைத்தது. எனக்குக் காது வைத்த பெயர்தான் பிடித்திருக்கிறது.

1. முதலில் தினசரிக் காலண்டரைப் பாருங்கள்

ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய காலண்டர் சமையலறையில் தொங்குகிறதல்லவா? அதில் அமாவாசையும் பௌர்ணமியும் எந்தத் தேதிகளில் வருகின்றன என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். விடுப்பு கேட்பது, அறை பதிவு செய்வது எல்லாம் அதற்குப் பிறகு.

காரணம் இருக்கிறது. கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். டர்பனிலிருந்து ஈஸ்ட் லண்டன் வரையிலான இந்தக் கரையில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலை பத்து மணி வாக்கில் கடல் நன்றாக வற்றியிருக்கும். மாலை மூன்றரை, நான்கு மணிக்கு உச்சத்துக்கு ஏறியிருக்கும். இரண்டுக்கும் நீர்மட்ட வித்தியாசம் ஏறக்குறைய 2 மீட்டர்.

இது நமக்கு மிகவும் தோதான ஏற்பாடு. காலையில் கடல் விலகியிருக்கும்போது கூழாங்கல் கரையில் இறங்கி நடக்கலாம், பாறையைக் கிட்டத்தில் பார்க்கலாம். மாலையில் மேட்டில் உட்கார்ந்து ஓட்டைக்குள் அலை முட்டும் சத்தத்தைக் கேட்கலாம். பாறை கரைக்குக் கிழக்கே இருப்பதால் காலையில் படம் எடுத்தால் சூரியன் எதிரே நிற்கும், பாறை வெறும் கறுப்பாக விழும். பிற்பகலில் வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து பாறையின் மேல் அடிக்கும். ஒரே நாளில் நடை, ஓசை, படம் மூன்றும் கிடைக்கும்.

அஷ்டமி, நவமியை ஒட்டிப் போனால் எல்லாம் தலைகீழ். காலை பத்துக்கு ஏற்றம், மாலை நான்குக்கு வற்றம். ஏற்றமும் பெரிய ஏற்றமாக இருக்காது, வித்தியாசம் அரை மீட்டரைச் சுற்றியே நிற்கும். முதல் பயணத்தை நாங்கள் அஷ்டமிக்கு மறுநாள் கிளம்பியதைப் பிறகுதான் பார்த்தேன். அஷ்டமி நவமியில் எதையும் தொடங்கக் கூடாது என்ற என் மாமியாரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

காலண்டர் தோராயமாக நாள் குறிக்க மட்டும்தான். சரியான மணி நிமிடத்துக்குத் தென்னாப்பிரிக்கக் கடற்படையின் நீரளவை அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலை, பாருங்கள். டர்பனுக்கான நேரமும் ஈஸ்ட் லண்டனுக்கான நேரமும் அதில் இருக்கும். பாறை இரண்டுக்கும் இடையில்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயா, நான்கு தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், தமிழில் அவருக்கு மிஞ்சியிருப்பது பத்திருபது சொற்கள். நான் தேதியைச் சொன்னதும் “அமாவாசை? கடல்?” என்று இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டுக் கையால் ‘வேண்டாம்’ என்று காட்டினார். அவர் பயப்பட்டதிலும் அர்த்தம் இருக்கிறது, ஏழாவது பகுதியில் சொல்கிறேன்.

2. எந்த மாதம்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, சாலை காய்ந்திருக்கும். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இந்தக் கரையோரமாக வடக்கே போவதையும் பார்க்கலாம். இரவில் நன்றாகக் குளிரும். ஜூனில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கோடையில் மழை பெய்தால் கடைசி மண்சாலை சேறாகிவிடும்.

ஈஸ்டர் வாரமும் டிசம்பர் நடுவிலிருந்து புத்தாண்டு வரையிலும் வேண்டவே வேண்டாம். வேலைக்காக நகரங்களுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த நெடுஞ்சாலையில்தான் சொந்த ஊருக்குப் போவார்கள். பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழா இருக்கிறது, அங்கே போங்கள். புரட்டாசியில் டர்பன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு போவதானால், இங்குள்ள தமிழர்கள் அந்த மாத விரதத்தை நம்மைவிடக் கறாராக இருப்பார்கள். கடற்கரை விடுதியில் பெரும்பாலும் மீன்தான் கிடைக்கும் என்பதால் சமையல் வசதியுள்ள அறையாகப் பாருங்கள்.

மலேரியா மாத்திரை வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், இந்தக் கரையில் மலேரியா இல்லை.

3. காகிதங்கள்

பாறைக்கென்று அனுமதிச் சீட்டு எதுவும் நாங்கள் வாங்கவில்லை. வழியில்தான் காகிதம் தேவைப்படும். நெடுஞ்சாலையில் போலீஸ் மறித்துச் சோதிப்பது சாதாரணம். வெளிநாட்டவர் தாம் யார், எந்த விசாவில் இருக்கிறோம் என்று காட்ட வேண்டும்.

பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் விசா பக்கத்தையும் நகலெடுத்து, அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் சான்றொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் கிடையாது. அசலையும் நகலையும் கொண்டுபோங்கள். சனிக்கிழமை காலை போகாதீர்கள், வரிசை நீளம்.

ஓட்டுநர் உரிமம் அசலாக இருக்க வேண்டும், கைபேசியில் படம் செல்லாது. தமிழ்நாட்டு உரிம அட்டை ஆங்கிலத்தில், புகைப்படத்துடன் இருப்பதால் வருகையாளராக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஆனால் காலாவதித் தேதியைப் பாருங்கள். என் கணவரின் அட்டை முடிய இரண்டு மாதம்தான் பாக்கி இருந்தது, அதை அவர் வாடகைக் கார் மேசையில் வைத்துத்தான் கண்டுபிடித்தார். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் ஊரிலேயே எடுத்துவைத்தால் பேச்சு குறையும்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும்போது அழைத்துப்போவதானால் அவர்களுடைய விசா முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்பாவது பயணத்தை முடித்துவிடுங்கள். டயர் வெடிப்பதற்குத் தேதி பார்க்கத் தெரியாது.

4. வண்டி

நான் அதிகம் அடிபட்டது இங்கேதான்.

வாடகைக் காருக்கு ஓட்டுபவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டை ஏற்காத இடங்கள் உண்டு. மனைவியின் கார்டு, கணவர் ஓட்டுகிறார் என்ற கதையெல்லாம் எடுபடாது. முன்பணமாக ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள், காரைத் திருப்பிக் கொடுத்துச் சில நாட்கள் கழித்தே அது விடுபடும். மாதக் கடைசியில் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காப்பீடு. “முழுக் காப்பீடு” என்று மேசையில் சொன்னதை நம்பி நான் கையெழுத்திட்டேன். பொடி எழுத்தில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் சேராது என்று இருந்தது. மண்சாலையில் ஏற்பட்ட சேதமும் சேராது. நாம் போவது எங்கே? குழிச் சாலைக்கும் மண்சாலைக்கும். வெடித்த டயருக்கு 1,900 ராண்ட் என் கார்டிலிருந்து போயிற்று. டயருக்கும் கண்ணாடிக்கும் தனியாகக் காப்பீடு சேர்க்க முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மண்சாலையில் ஓட்ட அனுமதி உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாற்று டயர் முழு அளவில் இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். எங்கள் காரில் இருந்தது சைக்கிள் டயரைவிடக் கொஞ்சம் தடிமனான ஒன்று.

முதல் நாள் மாலையே காரை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் வாடகை கூடுதல்தான். காலையில் போய் எடுத்தால் என்னவாகும் என்று முதல் பத்தியிலேயே படித்துவிட்டீர்கள்.

கார் ஓட்டாதவர்களுக்கு: டர்பனிலிருந்து, வழியிலுள்ள பெரிய ஊரான ம்தாதா வரை தொலைதூரப் பேருந்துகள் உண்டு. அங்கிருந்து, பாறைக்கு அருகிலுள்ள கடற்கரை ஊரான காஃபி பே வரை மினிபஸ் டாக்ஸி. ஆள் நிறைந்தால்தான் அது கிளம்பும், பிற்பகலில் நிறைய நேரமாகும். தங்கும் விடுதியில் முன்கூட்டிச் சொன்னால் ம்தாதாவிலிருந்து அழைத்துப்போக ஏற்பாடு செய்வார்களா என்று விசாரியுங்கள்.

5. வழி

காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். என்-2 நெடுஞ்சாலையில் தெற்கே போர்ட் ஷெப்ஸ்டோன் வரை கடலோரம், வழியில் சுங்கச்சாவடி. பிறகு சாலை உள்நாட்டுக்குத் திரும்பி ஹார்டிங், கோக்ஸ்டாட் வழியாக ம்தாதாவுக்குப் போகும். பெயர்ப்பலகைகளில் கவனம்: பழைய வரைபடத்தில் மவுண்ட் ஃப்ரியர் என்று இருப்பது இப்போது க்வாபாகா, உம்டாட்டா என்று இருப்பது ம்தாதா. பழைய பெயரும் புதுப் பெயரும் வேறு வேறு ஊர் என்று நினைத்து நாங்கள் ஒருமுறை வண்டியைத் திருப்பினோம்.

சாலை வேலை நடக்கும் இடங்களில் ஒருபக்கமாக நிறுத்தி நிறுத்தி விடுவார்கள், ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ம்தாதாவில் பெட்ரோலை நிரப்புங்கள், காய்கறியும் குடிநீரும் வாங்குங்கள், ரொக்கம் எடுங்கள். அதற்கப்புறம் பெரிய கடை கிடையாது.

ம்தாதாவுக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் வீட்ஜஸ்வில். அங்கே இடப்பக்கம் திரும்பினால் காஃபி பே சாலை. தார்ச்சாலைதான், ஆனால் குழிகள் பெரியவை. மாடு, ஆடு, கழுதை, பன்றி, பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அதே சாலையில்தான் நடப்பார்கள். எண்பது கிலோமீட்டரைக் கடக்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். காஃபி பேக்கு முன்பே பாறைக்கு வலப்பக்கம் பிரியும் கிளைச்சாலை வரும். கைபேசி வரைபடம் இதற்கும் முன்னதாக ஏதாவது குறுக்கு வழியைக் காட்டினால் கேட்காதீர்கள், அது மாட்டுத் தடமாக இருக்கலாம். பொழுது சாய்ந்த பிறகு இந்தச் சாலையில் ஓட்டவே கூடாது. கறுப்பு மாடு இருட்டில் தெரியாது.

6. செலவு

ஆவணிப் பயணத்தில் இரண்டு பேருக்கு, இரண்டு இரவுக்கு எங்களுக்கு ஆனது: பெட்ரோலும் சுங்கமும் 1,800 ராண்ட், அறை 1,900, வழிகாட்டி 300, சாப்பாடும் சில்லறையும் 700, கார் நான்கு நாள் 2,000. மொத்தம் 6,700. பாறை இருக்கும் ஊரில் எல்லாம் ரொக்கம். இருபது ராண்ட் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். காரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வரும் இளைஞருக்கு ஒரு தாள், திரும்பும்போது.

கரையில் சிங்க இறால் விற்க வருவார்கள். வாய் ஊறும். பொழுதுபோக்கு உரிமத்தில் பிடித்ததை விற்க இந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கவில்லை, வாங்கினால் நீங்களும் மாட்டுவீர்கள்.

7. ஊரும் பாறையும்

டர்பனில் கற்ற சாவுபோனா என்ற வணக்கம் இங்கே செல்லுபடியாகும், ஆனால் சிரிப்பார்கள். அது ஜூலு. கோசாவில் ஒருவருக்கு மோலோ, பலருக்கு மோல்வேனி, நன்றிக்கு என்கோசி. வயதான பெண்ணை மாமா என்றும் ஆணைத் தாத்தா என்றும் அழைப்பார்கள், அம்மா, அப்பா என்ற பொருளில். அந்த ஊர்ப் பாட்டியை என் கணவர் ‘மாமா’ என்று அழைத்ததும் எனக்கு வந்த சிரிப்பை அடக்கச் சற்று நேரமாயிற்று.

ஜூன், ஜூலையிலும் டிசம்பரிலும் முகத்தில் வெள்ளைக் களிமண் பூசி, போர்வை போர்த்திய இளைஞர்களைக் காணலாம். ஆண்மைச் சடங்கில் இருப்பவர்கள். படம் எடுக்காதீர்கள், அருகில் போகாதீர்கள்.

அந்த ஊரிலிருந்தே ஒரு வழிகாட்டியைக் கட்டாயம் அழைத்துப்போங்கள். பாறை எங்கே என்று காட்ட அல்ல, அது தானாகவே தெரியும். கடல் எப்போது திரும்பும் என்று அவருக்குத் தெரியும். காஃபி பேயிலிருந்து கடலோரமாக நடந்தே வருவதானால் ஒன்பது கிலோமீட்டர், குன்று ஏறி இறங்க மூன்று மணி நேரம்.

கரை மணல் அல்ல, உருளைக் கற்கள். ரப்பர்ச் செருப்பு போட்டால் கணுக்கால் போய்விடும், ஷூ போடுங்கள். ஈரமான கரும்பாறையில் பாசி இருக்கும். வற்றிய நேரத்தில் ஆற்று வாயில் முழங்கால் ஆழம்தான் என்று தோன்றும், சிலர் கடந்து பாறையடி வரை போவார்கள். நாங்கள் போகவில்லை, வழிகாட்டியும் சம்மதிக்கவில்லை. ஓட்டைக்குள் நீந்திப் போகலாமா என்று கேட்கவே கேட்காதீர்கள். அலை உள்ளே தள்ளும்போது ஒரு வேகம், வெளியே இழுக்கும்போது வேறு வேகம், நடுவில் சுவர். அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. அமாவாசை ஏற்றம் வேகமாக வரும், ஆயா கையாட்டியது இதற்குத்தான். வற்றம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மேட்டுக்கு வந்துவிடுங்கள்.

பிறகு புல்மேட்டில் உட்காருங்கள். மூன்று மணிக்குச் சத்தம் மாறத் தொடங்கும். முதலில் பெரிய கதவை யாரோ அறைந்து சாத்துவது போல, பிறகு அடிவயிற்றில் அதிர்வது போல. அலை ஓட்டைக்குள் நெருங்கும்போது ஒரு கணம் எல்லாம் அடங்கும், அப்புறம் உள்பக்கம் வெள்ளையாகப் பீறிட்டு வரும்.

8. கதையைக் கேட்காமல் எழுந்துவிடாதீர்கள்

வழிகாட்டிகள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். எங்களுக்குச் சொன்னவர் இப்படிச் சொன்னார்:

முன்பு பாறையில் ஓட்டை கிடையாது. ஆறு கடலைச் சேர முடியாமல் உள்ளே தேங்கிக் காயலாகக் கிடந்தது. கரையூர்க்காரர்கள் கடலுக்குப் பயந்தவர்கள். ஒரு பெண் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். கடல் மனிதர்களில் ஒருவன் அவளைக் கண்டான். நீண்டு புரளும் கூந்தல், துடுப்பு போன்ற கையும் காலும். அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்றான். அப்பாவுக்குக் கோபம், அவளைக் கடல் பக்கமே விடவில்லை. ஓர் இரவு, கடல் உச்சத்துக்கு ஏறிய நேரம், கடல் மனிதர்கள் பெரிய மீன் ஒன்றைக் கொண்டுவந்து அதன் தலையால் பாறையை முட்ட வைத்தார்கள். பாறை உடைந்தது. அந்த ஓட்டை வழியாகப் பாடிக்கொண்டும் கூவிக்கொண்டும் உள்ளே வந்தார்கள். ஊரார் கதவடைத்து ஒளிந்துகொண்டார்கள். பெண் மட்டும் வெளியே போனாள். அப்புறம் அவளை யாரும் பார்க்கவில்லை.

இப்போது கேட்பது அவர்கள் பாட்டுத்தான் என்றார்.

கன்னியாகுமரிக்காரியான எனக்கு இது உறுத்தியது. எங்கள் ஊர்க் கரையில் நிற்பவள் கல்யாணம் நின்றுபோய்க் காத்திருக்கிறாள். இவளுக்காகப் பாறையையே உடைத்திருக்கிறார்கள். அதை அவரிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “உங்கள் ஊர்க் கடலில் பெரிய மீன் இல்லையா?” என்று கேட்டார்.

கதைக்கு நடுவே கைபேசியை நீட்டிப் பதிவு செய்யாதீர்கள், முதலில் அனுமதி கேளுங்கள். கதைக்கும் நடைக்கும் சேர்த்துத்தான் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம், தனியாகக் கேட்டால் கூடுதலாக 50 ராண்ட் கொடுக்கலாம். நான்கரைக்கு எழுந்துவிட வேண்டும். ஊருக்குத் திரும்பும் பாதை மரக்கூட்டத்துக்குள் போகிறது, அங்கே வெளியைவிட முன்னதாகவே இருட்டும். ஆளுக்கொரு டார்ச் கையில் இருக்கட்டும்.

9. திரும்பும் நாள்

காலை ஏழுக்குக் கிளம்பினால் மாலை நான்குக்கு டர்பன். காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் கழுவிவிடுங்கள், அடிப்பாகத்தையும் சேர்த்து. 80 ராண்டுக்குக் கழுவித் தருவார்கள். செம்மண் ஒட்டிய காரைப் பார்த்தால் பரிசோதகர் குனிந்து கீழே பார்ப்பார். நான்கு பக்கமும், நான்கு டயரும் தெரியும்படி தேதியுடன் படம் எடுத்துக்கொண்டு, அவர் கையெழுத்திட்ட தாளை வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.